வெட்டுண்ட முகம்

ரோமாபுரியிலே ஒருவன். மடியிலே காசு. காசின் மீது மன்னனின் முகம். அந்தக் காசோடு கழிப்பிடத்துக்குள் நுழைந்துவிட்டான். பார்த்தவன் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான். குற்றம் என்ன? மன்னர் திருமுகத்தை இழிந்த இடத்துக்கு எடுத்துச் சென்றது! தண்டனை என்ன? தலை!

கட்டுக்கதையன்று இது. தைபீரியஸ் எனும் பேரரசன் ஆண்ட நாளிலே, முன்னவன் அகஸ்டஸின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பிடத்துக்கோ பரத்தையர் இல்லத்துக்கோ கொண்டு சென்றவர்கள் மீது மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டதென்று சூவெட்டோனியஸ் எனும் ரோம வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அகஸ்டஸின் சிலைக்கருகே அடிமையை அடித்தாலும் குற்றமாம். உடை மாற்றினாலும் குற்றமாம்! அடிபட்ட அடிமைக்காக இரங்கிய சட்டமல்ல அது. கல்லாய் நின்ற மன்னனுக்காகக் கோபித்த சட்டம். காசைத் திருடியவனல்லன், சுரண்டியவனல்லன், பொய்க்காசு அடித்தவனுமல்லன் — ஆயினும் அவன் குற்றவாளி. ஏன்? காசிலே இருப்பது பொன்னல்ல, புனிதம் என்று அங்கே கற்பித்துவிட்டார்கள்.

அதே பொன், அதே முகம், கடல் கடந்து தமிழகம் வந்தது. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக வந்தது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி புலம்பினார். அப்படி வந்த பொற்காசுகளில் ஒரு புதையல், 1898-ஆம் ஆண்டு, அந்நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் கிடைத்தது. மொத்தம் 501 பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான மன்னர்களின் காலத்தவை. இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹில் என்பார் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அவர் கண்டது என்ன? மிகப் பெரும்பாலான காசுகளில், மன்னன் தலையின் குறுக்கே ஒரு வெட்டு! உளி வைத்து ஓங்கி அடித்த வெட்டு!

கழிப்பிடத்துக்குக் கொண்டுபோனாலே தலை போகும் என்றிருந்த முகத்தை, தமிழ்நாட்டிலே ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, வெட்டி வைத்திருக்கிறார். ரோமாபுரி இடிந்து விழவில்லை. வானம் இருளவில்லை. மிளகு வாணிபமும் நின்றுபோகவில்லை.

ஏன் வெட்டினார்கள்? அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசிய போலியா என்று சோதித்தார்கள் என்பர் சிலர். இனி இது காசன்று, வெறும் பொன் என்று அறிவிக்கவே வெட்டினார்கள் என்பர் வேறு சிலர். அயல் மன்னனின் ஆணை இங்கே செல்லாது என்று காட்ட எண்ணிய குறுநில மன்னனின் செயல் என்றும் கூறுவர். உருவ வழிபாட்டை வெறுத்தோர் செயல் என்றும் கூறுவர். இவற்றுள் நமக்குப் பொருந்தித் தோன்றுவது இரண்டாவது. சோதிப்பதற்கு விளிம்பிலே ஒரு கீறல் போதும். முகத்தைத் தேடிப்பிடித்து வெட்ட வேண்டியதில்லை. முகம் போனால் மிஞ்சுவது எடை. எடைக்கு விலை உண்டு; முகத்துக்கு விலை இல்லை — வெட்டியவரின் உளி அதைத்தான் சொல்லிற்று என்று நாம் கருதுகிறோம். (அதே புதுக்கோட்டை, பிற்காலத்தில், தானே அடித்த அம்மன் காசில் தெய்வத்தின் உருவத்தைப் பொறித்து, நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு வழங்கியது. முகம் வெட்டிய மண்ணிலே முகம் வணங்கும் காசு! வரலாறு நேர்கோட்டில் நடப்பதில்லை.)

காசை எடையாகப் பார்க்கும் அந்தப் பழக்கம் நம் மக்களை விட்டு அகலவே இல்லை. இன்றும் நகைக்கடையிலே "எத்தனை சவரன்?" என்கிறோம். சவரன் என்பது என்ன? சாவரின் எனும் ஆங்கிலப் பொற்காசு! ஏறக்குறைய 8 கிராம் எடையுள்ள அந்தக் காசின் மீது அரசியும் அரசனும் இருந்தார்கள். நம் தாய்மார்கள் முகத்தை மறந்தார்கள், எடையை வைத்துக்கொண்டார்கள். "ரூபாய் எடை" என்பதும் அவ்வாறே வந்தது. வெள்ளி ரூபாய் 180 கிரெயின். ஒரு தோலாவும் 180 கிரெயின். தட்டார் தராசிலே ரூபாயே படிக்கல்லாய் நின்றது.

இப்படிப்பட்ட மக்களிடம் வந்து, "காசை வெட்டாதே, உருக்காதே, துளைக்காதே" என்று சட்டம் சொன்னது எப்போது? யாருக்காகச் சொன்னது? அதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

சட்டம் போட்டுக் காசைக் காப்பது புதிதன்று. கௌடலியரின் பொருள்நூல் பொய்க்காசு அடிப்பவனுக்கு 1000 பணம் தண்டம் என்கிறது. அதைக் கருவூலத்தில் சேர்ப்பவனுக்குக் கொலைத்தண்டனை என்கிறது. அந்நூலில் நமக்குப் பிடித்த விதி வேறொன்று. நல்ல காசை வேண்டுமென்றே செல்லாதென்று தள்ளும் காசுச் சோதகனுக்கு 12 பணம் தண்டம்! அந்த விதி இருந்திருந்தால், 10 ரூபாய் நாணயத்தை "செல்லாது, செல்லாது" என்று ஆண்டுக்கணக்கில் நம் ஊர்க் கடைகளில் தள்ளினார்களே, எத்தனை பேர் தண்டம் கட்டியிருப்பார்கள்! 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லும் விளக்க வேண்டியிருந்தது. ஒரு வதந்தி செல்லும் தூரத்துக்கு ஓர் ஆணை செல்வதில்லை.

இங்கிலாந்தின் கதை குருதி தோய்ந்தது. வெள்ளிக் காசின் விளிம்பைக் கத்தரித்து, துணுக்கைச் சேர்த்து உருக்கி விற்பது அங்கே பெருந்தொழிலாய் நடந்தது. காசு இளைத்தது, விலைவாசி கொழுத்தது. பழி யார் மீது விழுந்தது? முதலாம் எட்வர்டு அரசன் 1278-இல் நாடெங்கும் யூதர்களைப் பிடித்தான். இலண்டனில் மட்டும் தூக்கில் தொங்கியவர்கள் ஏறக்குறைய 270 யூதர்கள். கிறித்தவர்களும் அதே குற்றத்தைச் செய்தார்கள். தூக்கிலிடப்பட்டவர்களோ மிகச் சிலர். கத்தரி ஒன்றுதான், கழுத்து மட்டும் மதம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது! பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1290-இல், யூதர் அனைவரையுமே நாட்டைவிட்டுத் துரத்தினான். காசைக் காக்கும் சட்டம் சிறுபான்மையரை வேட்டையாடும் வலையாக மாறியது எவ்வளவு எளிதாக நடந்தது, பாருங்கள்.

பின்னர் காசைக் கத்தரிப்பது அரசத்துரோகமாயிற்று. துரோகம் புரிந்த ஆணை இழுத்துச் சென்று தூக்கிலிட்டார்கள், பெண்ணை எரித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே 1789-இல், நாணயக் குற்றத்துக்காக ஒரு பெண்ணை இலண்டனில் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலைத் தீயிலிட்டார்கள். எரிக்கும் தண்டனை அடுத்த ஆண்டு ஒழிந்தது. நாணயக் குற்றங்களுக்கு மரண தண்டனை 1832-இல் ஒழிந்தது.

தூக்குக் கயிறு கத்தரிப்பை நிறுத்தியதா? இல்லை. நிறுத்தியது பொறி! 1662 முதல் இயந்திரத்தால் அடித்த காசுகளுக்கு விளிம்பிலே வரியும் எழுத்தும் பொறித்தார்கள். விளிம்பைத் தொட்டால் தெரிந்துவிடும். 1696-இல் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாய் அடித்தபோது, நாணயச்சாலைக் காப்பாளராய் வந்தவர் ஐசக் நியூட்டன்! கோள்களின் ஓட்டத்தைக் கணித்தவர் கள்ளக்காசுக்காரர்களைத் துரத்தினார். சாலோனர் என்பவனை 1699-இல் தூக்குமேடைக்கு அனுப்பியும் வைத்தார். ஆயினும் இன்று நம் பையிலுள்ள காசின் விளிம்பைத் தடவினால் விரலில் படும் வரிகளுக்கு நியூட்டனின் சினத்தைவிட அந்தப் பொறியே காரணம்.

அந்த இங்கிலாந்திலிருந்து வந்த மெக்காலே, இந்தியக் குற்றவியல் சட்டத்தின் வரைவை 1837-இல் முடித்தார். இங்கிலாந்தின் காசுக் கத்தரிப்பைப் பற்றித் தம் வரலாற்று நூலில் விரிவாக எழுதியவரும் அவரே. 1860-இல் நிறைவேறிய அச்சட்டத்தில் நாணயக் குற்றங்களுக்கென்றே ஓர் அதிகாரம் இருந்தது. சோழி நாணயமன்று, முத்திரையில்லாச் செம்புக்கட்டி நாணயமன்று என்றெல்லாம் எடுத்துக்காட்டு தந்து விளக்கியது. காசின் எடையைக் குறைப்பதும், உள்ளே குடைந்து வேறு பொருளை அடைப்பதும் குற்றம். ஆனால் "வஞ்சகமாக" எனும் சொல்லை அங்கே மறவாமல் வைத்தார்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் குற்றம். குழந்தையின் அரைஞாணிலே கோக்கக் காசைத் துளைத்த தாய் குற்றவாளி அல்லள். ரோமாபுரிச் சட்டம் முகத்தைப் பார்த்தது. இச்சட்டம் கருத்தைப் பார்த்தது. வெள்ளையன் தந்தது என்பதற்காக நல்லதை நல்லதென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அச்சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது — பெயரைத்தான் நம் நாக்கு இன்னும் பழகவில்லை.

இனி உருக்கும் கதைக்கு வருவோம். காசுச் சட்டம் நம் நாட்டு மக்களின் மடியில் நேராகக் கை வைத்தது அங்கேதான்.

1893 வரையில், வெள்ளியைக் கொண்டுபோய் அரசு நாணயச்சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமை எவர்க்கும் இருந்தது. அந்த ஆண்டு அவ்வுரிமை போயிற்று. ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் மதிப்பைவிட உயர்ந்து நின்றது. ஆகவே உருக்குவோனுக்கு நட்டம், சட்டமே தேவைப்படவில்லை. முதல் உலகப்போர் வந்தது. 1915-இல் இலண்டனில் அவுன்சு 27 பென்ஸ் விற்ற வெள்ளி, 1917 ஆகஸ்டில் 43 பென்ஸைத் தாண்டியது. அந்தக் கோட்டைத் தாண்டினால் ரூபாயைவிட ரூபாயிலுள்ள வெள்ளி விலை கூடிவிடும். தட்டார் உலை எரியத் தொடங்குமே! அதற்கு முன்னதாகவே, 1917 ஜூனில், நாணயத்தை நாணயமாக அன்றி வேறுவிதமாகப் பயன்படுத்துவது குற்றமென்று ஆணை பிறந்தது. நவம்பரில் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. 1918 தொடக்கத்தில் இரண்டரை ரூபாய்த் தாளும் வந்தது.

தாளை மக்கள் நம்பவில்லை; வெள்ளியைக் கேட்டார்கள். வெள்ளிக்கு எங்கே போவது? அமெரிக்காவுக்கு! 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் எனும் ஒன்றை அமெரிக்கா நிறைவேற்றி, கருவூலத்தில் கிடந்த தன் வெள்ளி டாலர்களை உருக்கியது. ஏறக்குறைய 27 கோடி டாலர் நாணயங்கள் உருகின. அவற்றின் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து ரூபாயாயிற்று. இங்கே ஓர் ஏழை ஒரு காசை உருக்கினால் சிறை. அங்கே ஓர் அரசு 27 கோடிக் காசை உருக்கினால் அது நட்பு! அந்தக் கால ரூபாயின் சிக்கலை ஆராய்ந்துதான் அண்ணல் அம்பேத்கர் 1923-இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார் என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் போரில் மீண்டும் அதே நாடகம். 1940 ஜூனில், தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதே குற்றமாயிற்று. அதே ஆண்டில் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. பழைய ரூபாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாதனவாயின. 1943-இல் செம்பை மிச்சப்படுத்த நடுவிலே துளையிட்ட காசு வந்தது — அதுதான் நம் பாட்டிமார் சொன்ன ஓட்டைக் காலணா. துளையிடுவது குற்றமென்ற அரசு, தானே துளையிட்டு வெளியிட்டது! மக்கள் சும்மா இருந்தார்களா? வண்டிக்கும் பொறிக்கும் வாசராக மாட்டிவிட்டார்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளி 22 கோடி அவுன்சுக்கு மேல். அதைத் திருப்பித்தர, அரசு தன் பழைய வெள்ளிக் காசுகளைத் திரட்டிக் கல்கத்தா அலிப்பூரில் உருக்கிச் சுத்திகரித்து, 1957-இல் கடனை அடைத்தது.

இவ்வளவையும் சொல்வதனால், உருக்குவதைத் தடுக்கும் சட்டமே கூடாதென்று நாம் வாதாடுகிறோம் என எண்ண வேண்டா. நாம் வாழும் பிள்ளையார்பாளையத்தில் இது நன்றாகவே விளங்கும். இங்கே தறியிலே ஓடும் சரிகை என்பது என்ன? பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, பொன் முலாம் பூசியது. பட்டுச்சேலை நைந்து கிழிந்ததும், "பழைய பட்டு வாங்குறது" என்று கூவி வருபவரிடம் போடுகிறோம். அவர் எரிக்கிறார், வெள்ளியை எடுக்கிறார். எந்தப் போலீசும் வருவதில்லை. ஏன்? சேலை ஒருத்தியுடையது, எரித்தால் குறைவது அவளுக்கே. காசு அப்படியன்று. காலையில் தறிகாரர் மடியில், நண்பகலில் மளிகைக்கடையில், மாலையில் பேருந்து நடத்துநர் பையில். ஒருவன் ஆயிரம் சில்லறைக் காசை உருக்கினால், எங்கோ ஒரு கடையில் மீதிக் காசுக்குப் பதில் மிட்டாய் தருகிறார்கள். இந்தியச் சில்லறை எல்லை கடந்து வங்காளதேசம் சென்று சவரத் தகடுகளாகிறதென்று 2007-இல் செய்தித்தாள்கள் எழுதின. சில்லறையை உருக்குவதற்கும் பதுக்குவதற்கும் எதிராக 1971-இல் ஒரு சட்டம். பின்னர் பழையன பலவற்றைத் தொகுத்து 2011-இல் நாணயச் சட்டம். உருக்கினாலோ அழித்தாலோ 7 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவும் தன் ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்க 2006 இறுதியில் தடை விதித்தது; ஜப்பான் 1947-லேயே அப்படிச் செய்துவிட்டது. ஜப்பானியச் சட்டம் நாணயத்துக்கு மட்டுந்தான். தாளைப் பற்றி அது பேசுவதில்லை.

தாள்! அதில் உருக்க என்ன இருக்கிறது? வெள்ளியில்லை, பொன்னில்லை. அடுத்த கை வாங்கிக்கொள்ளும் எனும் நம்பிக்கை ஒன்றுதான் இருக்கிறது. எடையை மட்டுமே மதித்த நம் மக்கள், எடையே இல்லாத தாள் வந்தபின் என்ன செய்கிறார்கள்? மஞ்சள் தடவுகிறார்கள். குங்குமம் வைக்கிறார்கள். திருவிழாவிலே அம்மனுக்கு நோட்டு அலங்காரம் செய்கிறார்கள். ரோமாபுரி மன்னனின் முகத்தை வெட்டிப்போட்ட மண்ணிலே, காகிதத்துக்குப் பூசை!

கோயிலை மட்டும் சொல்லிவிட்டு நழுவ நாம் விரும்பவில்லை. மேடைகளிலே தலைவர்களுக்குப் பணமாலை போடுகிறோமே, அது யார் கற்றுத் தந்த பகுத்தறிவு? ஊசி குத்தி, நூல் கோத்து, மடித்து நொறுக்கி, கழுத்திலே தொங்கவிட்டுக் கைதட்டுகிறோம். மாலை, பந்தல், வழிபாட்டிட அலங்காரம், விழாக்களில் ஒருவர்மீது நோட்டுகளை இறைத்தல் — இவற்றுக்கு நோட்டைப் பயன்படுத்த வேண்டாமென்று ரிசர்வ் வங்கி வேண்டிக்கொண்டுதான் இருக்கிறது. நோட்டுக் கட்டுகளில் கம்பி ஊசி குத்துவதை நிறுத்தும்படி 2001-லேயே வங்கிகளுக்கு ஆணையிட்டது. நைஜீரியாவில் விழாக்களில் நோட்டை இறைப்பதும் மிதித்தாடுவதும் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2024-இல் புகழ்பெற்ற ஒருவருக்கு அதற்காக 6 மாதச் சிறையே கிடைத்தது. பிலிப்பைன்ஸ் 1973 முதல் நோட்டைக் கிழிப்போர்க்கும் எரிப்போர்க்கும் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. அவ்வளவு கடுமை இங்கே வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மாலைக்குப் பதில் அந்தப் பணத்துக்கு நூல்கள் வாங்கி ஒரு படிப்பகத்துக்குத் தரலாமே என்றுதான் கேட்கிறோம்.

நம் இளைஞர் சிலர்க்கு வேறோர் ஆசை எழலாம்: நோட்டிலே நம் முழக்கத்தை எழுதி அனுப்பினால் நாடெங்கும் போகாதா? இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் அதைச் செய்தார்கள். ஏழாம் எட்வர்டு முகம் பொறித்த 1903-ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றில், மன்னனின் முகத்தின் மேலேயே "பெண்களுக்கு வாக்குரிமை" என்று எழுத்தெழுத்தாக அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். இன்று அந்தக் காசு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மதிப்போடு இருக்கிறது. தைபீரியஸ் காணவில்லை, கண்டிருந்தால்!

ஆனால் பென்னி வெண்கலம்; எழுத்து ஏறினாலும் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். நம் நாட்டு நோட்டின் நிலை வேறு. வெறும் கிறுக்கல் உள்ள நோட்டு செல்லும். அரசியல் அல்லது சமயச் செய்தி எழுதிய நோட்டுக்கோ, 2009-ஆம் ஆண்டு நோட்டுத் திருப்பித்தரும் விதிகளின்படி, வங்கியில் மாற்றுப்பணம் கிடையாது. வேண்டுமென்றே கிழித்த நோட்டுக்கும் கிடையாது. நாமம் எழுதினாலும் நாத்திகம் எழுதினாலும் விதி ஒன்றே. எழுதியவன் கையிலே அந்த நோட்டு இராது. அவன் அன்றைக்கே மாற்றிவிடுவான். கைமாறிக் கைமாறி, வாரக் கூலியாக அதை வாங்கிவந்து, எழுத்து படிக்கத் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்த ஒருத்தியிடம் அது நிற்கும்.

தானாகக் கிழிந்த நோட்டு அவளிடம் இருந்தால் கதை வேறு. பேருந்திலும் கடையிலும் தள்ளிவிட்டார்களே என்று பாதி விலைக்குத் தரகரிடம் கொடுக்க வேண்டியதில்லை. கணக்கே இல்லாவிட்டாலும் எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம். 20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேற்பட்ட ஒரே துண்டு இருந்தால் முழுப்பணம். 50 ரூபாயும் அதற்கு மேலுமானால், 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முழுப்பணம். 40 முதல் 80 வரை இருக்கப் பாதிப்பணம். தெருமுனைப் படிப்பகத்தின் கரும்பலகையிலே இந்த நான்கு எண்களை எழுதிப்போட ஒரு சுண்ணக்கட்டி போதும்.